பூட்டியிருந்த வீடுகள்

தோல் மருத்துவராகப் பல வருடம் வேலை பார்த்த பிறகுதான் முதன்முதலாக ஒரு நோயாளியின் வீட்டுக்குள் கால் வைத்தேன். அதுவரை அவர்கள்தான் என்னைத் தேடி வந்தார்கள். சேலத்தில் நான் இருந்த மருத்துவமனையில் காலை எட்டு மணிக்கே வெளிநோயாளிகள் வரிசை வராந்தாவைத் தாண்டிப் போய்விடும். வருகிறவர்களில் படர்தாமரைக்காரர்கள்தான் அதிகம். இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்டம் வட்டமாகச் சிவந்து அரிக்கிற பூஞ்சைத் தொற்று. ஒரு காலத்தில் இரண்டு வாரக் களிம்பில் போய்விடும் என்று நாங்கள் படித்த நோய் இப்போது மாதக்கணக்கில் போவதில்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த ஆயின்மென்ட் அரிப்பை இரண்டு நாளில் அடக்கிவிடும். பூஞ்சை மட்டும் சத்தமில்லாமல் பரவிக்கொண்டே போகும்.

விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் என்று நான் நம்பினேன். என் அறைக்கு வருகிறவர்களில் பலர் தறிக்காரர்களாக இருந்தார்கள், வேர்வையும் பஞ்சுத் தூசும் காரணம் என்று விளக்கமும் தயாராக இருந்தது. இரண்டு மூன்று மருத்துவக் கூட்டங்களில் அதைப் பேசி, கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

புதுச்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்த் தோல் நோய்களைக் கணக்கெடுக்கும் ஆய்வு ஒன்று தொடங்கியது. பரிசோதிக்கும் டாக்டராக என்னைச் சேர்த்தார்கள். முதல் கூட்டத்திலேயே என் தறிக்காரர் கதையைச் சொன்னேன். ஆய்வின் புள்ளியியலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க ஆஸ்பத்திரிக்கு யாரால வர முடியுதோ அவங்களைத்தான் நீங்க பாக்கறீங்க டாக்டர். வர முடியாதவங்களைப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

என்னோடு களப்பணியாளராக அனுப்பப்பட்ட பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தொட்டவர். ராசிபுரம் பக்கம் ஊர். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்று, தறிக் கொட்டகையில் சில வருடம் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்திருக்கிறார். பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, காய்ச்சல் கணக்கெடுப்பு என்று தாளும் பேனாவுமாக ஊர் சுற்றும் வேலைக்கு வந்துவிட்டார். ஒரு பழைய ஸ்கூட்டி, ஒரு குடை, தோளில் துணிப்பை. என்னை டாக்டரம்மா என்றார். நான் அவரை அக்கா என்றும் சொல்லவில்லை, பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. "ஏங்க" என்றே ஆறு மாதம் ஓட்டினேன்.

கணக்கெடுப்பு தொடங்கும் முன், ஆய்வில் சேராத ஒரு கிராமத்தில் கேள்வித்தாளைச் சோதித்துப் பார்த்தோம். "ஸ்டீராய்டு கலந்த களிம்பு பயன்படுத்தியிருக்கிறீர்களா?" என்பது நான் எழுதிய கேள்வி. பத்து வீட்டில் கேட்டோம். பத்து வீட்டிலும் இல்லை என்ற பதில். தொடை முழுக்கப் பரவி, தோல் மெலிந்து கோடு கோடாக விழுந்திருந்த ஒருவர்கூட, "மருந்தே போட்டதில்லீங்க" என்றார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன்.

களப்பணியாளர் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். "டாக்டரம்மா, டாக்டருகிட்ட மருந்து போட்டேன்னு சொன்னா திட்டுவாங்கன்னு இருக்குமுங்க. அதோட இந்த ஸ்டீராய்டுங்கற பேரு இங்க ஆருக்குங்க தெரியும்? ஊட்டுல இருக்கற டியூபெல்லாம் எடுத்தாந்து காட்டச் சொல்லலாமுங்களா?"

அடுத்த வீட்டில் அப்படியே கேட்டோம். டிவி மேலிருந்து ஒன்று, பிரிட்ஜ் கதவிலிருந்து ஒன்று, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒன்று என்று மூன்று டியூப் வந்தது. கடைசிச் சொட்டு வரை சுருட்டிப் பிழிந்த டியூப்கள். ஏற்கெனவே கேட்டு முடித்த வீடுகளுக்கும் திரும்பிப் போனோம். மருந்தே போட்டதில்லை என்ற அந்த மனிதர் ஐந்து டியூப் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இது மருந்துங்களா? அரிப்புக்குப் போடற ஆயின்மென்ட்டுங்க" என்றார். அவர் பொய் சொல்லவே இல்லை. கேள்வியில்தான் கோளாறு. அன்று மாலையே கேள்வியை மாற்றி எழுதினோம்.

எப்போது ஆரம்பித்தது என்ற கேள்வியும் அப்படித்தான். "ரொம்ப நாளாச்சுங்க" என்பதைத் தாண்டி யாரும் வரமாட்டார்கள். களப்பணியாளர் மாதம், தேதி கேட்கவே மாட்டார். "ஆடிப் பதினெட்டுக்குத் தண்ணியில இறங்குனப்ப இருந்துச்சுங்களா? பள்ளிக்கூடம் தொறந்தப்ப? மாரியம்மன் நோம்பிக்குப் புதுத்துணி போட்டப்ப எரிஞ்சுதுங்களா?" என்று பின்னோக்கிப் போவார். ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊர் நோம்பித் திருவிழா எப்போது, மழை எப்போது பெய்தது, ரோடு எப்போது போட்டார்கள் என்று முதல் நாளே விசாரித்து ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தார். அந்த அட்டை இல்லாமல் எங்கும் இறங்கமாட்டார்.

எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் கையில் இல்லை. ஊரின் எல்லா வீட்டுக்கும் எண் போட்டு, கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுத்த சீட்டு அவர் பையில் இருக்கும். இது ஊரில் பெரிய சண்டையைக் கிளப்பியது. ஒரு கோழிப்பண்ணைக்காரர் வண்டியை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, அவன் ஊட்டுக்குப் போறீங்க, எங்க ஊட்டை உட்டுப்போட்டுப் போறீங்க. நாங்க என்ன பாவம் பண்ணுனோம்?"

"குலுக்கல்ல உங்க ஊடு வரலீங்ணா."

"ஆரு குலுக்குனது? பிரசிடெண்டா?"

"கம்ப்யூட்டருங்ணா. எங்களுக்கே இன்னைக்குத்தான் தெரியும். வேண்டியவங்க ஊட்டுக்கு மட்டும் போனா, நாளைக்கு நீங்களே நம்பமாட்டீங்க."

அவர் யோசித்தார். பிறகு அங்கேயே சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். நான் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தேன். களப்பணியாளர் ஆய்வுத் தாளை எடுக்கவில்லை. ஆய்வில் அந்த முதுகுக்கு இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பரிசோதித்தவர்களில் சிலரைச் சில நாள் கழித்து, இவர் ஏற்கெனவே பார்த்தவர் என்று சொல்லாமல், மறுபடி என் முன் உட்கார வைக்க வேண்டும் என்பது விதி. டாக்டரின் கண் நேற்றும் இன்றும் ஒன்றையே சொல்கிறதா என்று பார்ப்பதற்கு. யார் யார் என்பது களப்பணியாளருக்கு மட்டும்தான் தெரியும். கூட்டத்தில் முகம் எனக்கு நினைவிருக்காது. ஒரு முதியவரின் கணுக்காலை முதல் வாரம் கரப்பான் என்று எழுதியவள், அடுத்த வாரம் படர்தாமரை என்று எழுதியிருக்கிறேன். ஊர் முடிந்ததும் இரண்டு தாளையும் என்னிடம் கொடுத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

"தெரியுமுங்க."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க திருத்திப்போடுவீங்க. பொறவு எத்தனை இடத்துல மாறுதுன்னு எப்படிங்க தெரியும்?"

கேலி இல்லை, பணிவும் இல்லை. மறுநாளிலிருந்து சந்தேகம் வந்த ஒவ்வொரு இடத்திலும் செதில் சுரண்டி மைக்ராஸ்கோப்புக்கு அனுப்பத் தொடங்கினேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்த வீடு வந்தது. மரவள்ளிக் காட்டை ஒட்டிய ஓட்டு வீடு, பச்சைக் கதவு. முதல் தடவை பூட்டியிருந்தது. இரண்டு நாள் கழித்துப் போனபோதும் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் ஆறேழு பேர் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள், எங்களைப் பார்த்துக் கையாட்டிக் கூப்பிட்டார்கள்.

"இதை விட்டுட்டு அந்த வீட்டை எடுத்துக்கலாம்" என்றேன். "எண்ணிக்கை சரியாப் போயிடும்."

"அந்த ஊடு நம்ம சீட்டுல இல்லீங்களே டாக்டரம்மா."

"ரெண்டு வீட்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே தெரு, ஒரே தண்ணி."

"ஒண்ணு தொறந்திருக்குது, ஒண்ணு பூட்டியிருக்குதுங்க. அதே ஒரு வித்தியாசந்தானுங்களே?"

மூன்று தடவை போய்ப் பார்க்க வேண்டும், அப்புறமும் ஆள் இல்லாவிட்டால் 'ஆள் இல்லை' என்று எழுதலாம் என்பது விதி. நாளைக் காலை வந்து மூன்றாவதையும் முடித்துவிடுவோம் என்றேன். அவர் ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். "ரெண்டு தடவையும் பத்து மணிக்குத்தான் வந்தோம். மூணாவதும் பத்து மணிக்கு வந்துபோட்டு, மூணு தடவை வந்தோம்னு எழுதறது நாயமாங்க?"

வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவர்களிடம் விசாரித்தார். வீட்டுக்காரர் ரிக் லாரியில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வேலைக்கு வடக்கே போயிருக்கிறார், வருடத்தில் பாதி அங்கேதான். மனைவி நூல் மில்லுக்குப் போகிறார். விடிவதற்குள் மில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும், பொழுது சாய்ந்துதான் திரும்புவார். மகள் பள்ளி விட்டு வந்து பாட்டி வீட்டில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு திறந்திருக்கும்.

அந்த ஞாயிறு ஓமலூரில் என் தங்கை மகளுக்குக் காது குத்து. சொன்னேன். "நான் மட்டும் போயிக் கேட்டுட்டு வாரேனுங்க. ஆனா பாக்கறதுக்கு நீங்க ஓணுமே" என்றார். வற்புறுத்தவில்லை. காலையில் இங்கே முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு ஓமலூர் போகலாம் என்று, முணுமுணுத்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

எட்டரை மணிக்குப் பச்சைக் கதவு திறந்திருந்தது. முப்பது, முப்பத்திரண்டு வயதுப் பெண். ஒரு வாரத்துத் துணியையும் துவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அரிப்பெல்லாம் இல்லீங்க. இருக்கறவங்களைப் போயிப் பாருங்க."

நான் திரும்பிவிட்டேன். களப்பணியாளர் பையைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போய், அந்தப் பெண் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஜமுக்காளத்தின் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கினார்கள். தண்ணீர் தரையில் கொட்டியது.

"ஒண்ணும் இல்லீன்னாலும் ஒண்ணும் இல்லீன்னு எழுதோணும் அம்மணி" என்றார் முறுக்கிக்கொண்டே. "நோவு இருக்கறவங்களை மட்டும் எழுதிட்டுப் போனா, இந்த ஊருல அல்லாருக்கும் நோவுன்னு ஆயிப்போகும். நல்லா இருக்கறவங்களும் எங்க சீட்டுல வரோணும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "அப்ப நல்லா இருக்கறவன்னு எழுதிக்கிட்டுச் சீக்கிரம் போங்க" என்று கை துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

வெளிச்சம் விழும் ஜன்னலோரம் இவர் தன் பையிலிருந்து எடுத்த பழைய சேலையைக் கயிற்றில் கட்டி மறைத்தார். தான் சேலைக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். உள்ளே நானும் அந்தப் பெண்ணும். கழுத்து, கை, அக்குள், வயிறு. எங்கும் படர்தாமரை இல்லை. "திரும்புங்க" என்றேன். இடது தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிறிய படை. வறண்டு, முடி உதிர்ந்து.

"இது எப்ப இருந்துங்க?"

"எதுங்க?"

அவருக்கே தெரியாது. முதுகைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. முழங்கைக்குக் கீழே இன்னொன்று, ரூபாய் நாணய அளவில். அதன் நடுவில் ஒரு சூட்டுத் தழும்பு. கேட்டேன். "தோசைக்கல்லு பட்டிருக்குதுங்க. பட்டதே தெரியலீங்க, அப்பறம் கொப்பளம் பாத்துத்தான் தெரிஞ்சுது" என்றார், ஏதோ வேடிக்கை போல.

கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பஞ்சை மெல்லியதாகத் திரித்து, தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றேன். வலது தோளில் தொட்டேன். "ம்." கழுத்தில். "ம்." படையின் ஓரத்தில். "ம்." படையின் நடுவில் தொட்டேன். ஒன்றும் இல்லை. மறுபடி தொட்டேன். கண்ணை மூடியபடி, எப்போது தொடுவேன் என்று காத்திருந்தார்.

தொழுநோய். ஆரம்ப நிலை. முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்தேன், தடிக்கவில்லை. விரல்களில் பலம் இருந்தது. இன்னும் இரண்டு வருடம் இந்தக் கதவு பூட்டியே இருந்திருந்தால் அந்த விரல்கள் என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படி மடங்கிப்போன விரல்களை நான் பார்த்திருக்கிறேன்.

நோயின் பெயரைச் சொன்னேன். சொல்லாமல் மருந்து கொடுப்பது சரியில்லை. அவர் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். முதல் கேள்வி, "என்னை எங்கீங்க கொண்டுபோயி உடுவீங்க?"

"எங்கேயும் இல்லைம்மா. இங்கேயே இருப்பீங்க. ஆறு மாசம் மாத்திரை, சுகாதார நிலையத்துல இலவசமாத் தர்றாங்க. மில்லுக்குப் போகலாம், சமைக்கலாம், பிள்ளையைக் கட்டிப் பிடிச்சுத் தூங்கலாம்."

"தெரிஞ்சா வேன்ல ஏத்த மாட்டாங்க."

சேலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவர் குரல் வந்தது. "உள்ள வரட்டுமுங்களா?" அந்தப் பெண் சரி என்ற பிறகுதான் வந்தார். கையில் இருந்த தாளை நீட்டினார். "படிச்சுப் பாரு சாமி. இதுல உன் பேரு எங்கயாச்சும் இருக்குதா?"

அந்தப் பெண் மேலிருந்து கீழ் வரை படித்தார். எண் மட்டும்தான் இருந்தது.

"பேரும் நம்பரும் சேர்ந்த தாளு ஒண்ணே ஒண்ணு. அது ஆபீஸுல பீரோவுக்குள்ள பூட்டியிருக்குது. ஊருக்குள்ள அதைக் கொண்டுட்டு வர்றதே இல்லை. நான் இந்த ஊருல எத்தனை ஊட்டுக்குப் போயிருக்கறேன், ஒரு ஊட்டுச் சங்கதியை இன்னொரு ஊட்டுல பேசிக் கேட்டிருக்கறயா?"

இல்லை என்று தலையாட்டினார். பிறகுதான் அழுதார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தார். அந்தப் படையின் மேலேதான் கை இருந்தது. தெரிந்து வைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

மகளைப் பாட்டி வீட்டிலிருந்து அழைத்து வந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. கணவரையும் பார்க்க வேண்டும் என்றபோது அந்தப் பெண் பயந்தார். "நீங்க சொல்லிப்போடுங்க அக்கா" என்று இவரிடம் போனை நீட்டினார். இவர் வாங்கவில்லை. "உன் வாயால சொல்லோணும். நாங்க வெளிய நிக்கறோம். அவரு ஏதாச்சும் கேட்டா டாக்டரம்மா பேசுவாங்க."

வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். பத்து நிமிடம். அந்தப் பெண் கதவருகே வந்து, "வாரேன்னு சொல்லிட்டாருங்க" என்றார். அன்று ஓமலூர்ச் சாப்பாடு போய்விட்டது. தங்கை இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

நான்காம் நாள் கணவர் வந்தார். இரண்டு ராத்திரி ரயிலிலும் பஸ்ஸிலும் வந்த களைப்பு கண்ணில் இருந்தது. சுகாதார நிலையத்தில் மனைவியை உட்கார வைத்துவிட்டு என் முன்னால் நின்று சட்டையைக் கழற்றினார். "மொதல்ல என்னைப் பாருங்க டாக்டர். என்கிட்ட இருந்துதான் அவளுக்கு வந்துச்சோ என்னமோ."

தலை முதல் கால் வரை பார்த்தேன். தொழுநோயின் அடையாளம் எதுவும் இல்லை. ஆனால் இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட் போலப் படர்தாமரை. நான் பார்த்ததிலேயே மோசமானவற்றில் ஒன்று. நாள் முழுக்கச் சேறும் தண்ணீருமாக நனைந்த ஜீன்ஸ், லாரிக்கு அடியில் படுக்கை, மாற்றுத்துணி ஒன்று. பையில் இரண்டு டியூப். "எங்க வண்டியில அல்லாத்துக்கும் இருக்குதுங்க. ஒரே டியூபை மாத்தி மாத்திப் போட்டுக்குவோம்."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கணவரையும் தாளில் சேர்த்துவிடலாம் என்றேன். இம்முறையும் களப்பணியாளர்தான் தயங்கினார். "போன ஆறு மாசத்துல பாதி நாளாச்சும் இந்த ஊட்டுல படுத்திருந்தாத்தானுங்க நம்ம கணக்குல ஊட்டு ஆளு. இவரு இல்லீங்களே. நாம போன் பண்ணிக் கூப்பிட்டதாலதான் வந்தாரு." புள்ளியியலாளரை அழைத்துக் கேட்டோம். சேர்க்கக் கூடாது, ஆனால் குறிப்பு எழுதுங்கள் என்றார். களப்பணியாளர் தாளின் பின்பக்கத்தில் எழுதிய குறிப்பு இரண்டே வரி: வெளியூர் வேலைக்குப் போகிறவர்களை நாம் பார்க்கவில்லை. அவர்களுக்கு நோய் அதிகமாக இருக்கலாம். அந்த வரிகளை வைத்துத்தான், ரிக் வண்டிகள் மழைக்காலத்தில் ஊர் திரும்பும்போது அவர்களுக்கென்றே தனியாக ஒரு கணக்கெடுப்பு எடுப்பது என்று பின்னால் முடிவானது.

ஆய்வு முடிந்தபோது நான் மேடைகளில் சொல்லிவந்தது பொய்த்துப்போனது. தறி ஓட்டுகிறவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நான் நினைத்த வித்தியாசம் இல்லை. தறிக்காரர்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு பகலில் பஸ் ஏறி என்னிடம் வர முடிந்தது, அவ்வளவுதான். மில்லுக்குப் போகிற பெண்களுக்கு அது முடியவில்லை. அடுத்த மருத்துவக் கூட்டத்தில், நான் முன்பு சொன்னது தவறு என்று எழுந்து சொன்னேன். கைதட்டல் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வெட்கமாக இல்லை.

ஊர்களுக்குத் திரும்பிப் போய் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது களப்பணியாளரின் பிடிவாதம். "கேட்டுக்கிட்டுப் போறவங்க ஆரும் திரும்பி வந்து சொன்னதில்லீங்க. காய்ச்சல் கணக்கெடுத்தப்பவும் அப்படித்தான். அப்பறம் அடுத்த ஆளு போனா எப்படிங்க கதவு தொறப்பாங்க?" ஒரு ஞாயிறு காலை, பள்ளிக்கூட ஹாலில் பாய் விரித்துக் கூட்டம் போட்டோம். கோழிப்பண்ணைக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். டியூபைப் பற்றிச் சொன்னேன், ஈரத்துணியைப் பற்றிச் சொன்னேன். கேள்வி இருக்கிறதா என்று கேட்டேன்.

பின்னால் மில் பெண்களின் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். பச்சைக் கதவு வீட்டுப் பெண். மாத்திரை ஆறு மாதமும் முடித்திருந்தார், முதுகுப் படை மங்கத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"ஏனுங்க டாக்டர்" என்றார் சத்தமாக. "அரிக்காத படை இருந்தா? தொட்டா உணர்ச்சி இல்லாம இருந்தா? அதை எங்கீங்க காட்டோணும்?"

நான் களப்பணியாளரைப் பார்த்தேன். இவர் அட்டையில் எதையோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார். நான் எழுந்து நின்று, யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் பொதுவாகப் பதில் சொன்னேன்: எங்கே போக வேண்டும், என்ன மருந்து, எவ்வளவு சீக்கிரம் குணமாகும், மாத்திரை தொடங்கியதும் மற்றவர்களுக்குப் பரவுவது எப்படி நின்றுவிடும் என்று. அந்தப் பெண் நின்றபடியே முழுவதையும் கேட்டுவிட்டு, "சரிங்க" என்று உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு, அதே மில் வேனில் போகும் இரண்டு பெண்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள். ஒருவருக்குக் கழுத்தில் வெளிறிய படை, இன்னொருவருக்குக் கன்னத்தில். இருவருக்கும் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டேன். இருவரும் தொட்ட இடமெல்லாம் "ம்" என்றார்கள். வெறும் தேமல்தான்.